சின்னக் குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பிள்ளைகளோடு நான் படப் புத்தகம் வாசிப்பதைப் பார்த்தவர்கள், தங்கள் வீட்டுக் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள், வாங்கி வைத்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று யோசிப்பவர்கள் எல்லோரும் கேட்பவை ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட விதமாகவே அவற்றை எழுதி, என் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். நான் கல்வியாளர் இல்லை, ஒரு பெற்றோர். ஆய்வில் தெரியவந்ததை ஆய்வு என்றே சொல்லியிருக்கிறேன். மற்றதெல்லாம் என் கருத்து. பிறந்ததிலிருந்து ஆறேழு வயது வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது.

பாப்பாவுக்கு இன்னும் மூணு மாசம்கூட ஆகல. இப்பவே எதுக்குப் புத்தகம்?

தாராளமாக ஆரம்பிக்கலாம். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். கையில் ஏந்தியிருப்பவரின் முகம் இருக்கும் தூரம் அது. மென்மையான வண்ணங்களைவிட, கறுப்பும் வெள்ளையும் அடுத்தடுத்து வரும் பெரிய வடிவங்கள் அதன் கண்ணை இழுக்கும். கைக்குழந்தைப் புத்தகங்கள் பல கறுப்பு வெள்ளையில் வருவதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2014இல், பச்சிளம் பருவத்திலிருந்தே பிள்ளைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. மூன்று மாதக் குழந்தைக்குக் கதை புரியாது. குரலின் ஏற்ற இறக்கமும் சொற்களின் ஓசையும் போய்ச் சேரும். அதனால் இந்த வயதில் எந்தப் புத்தகம் என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். உங்களுக்கு வாசிக்கப் பிடித்த எதுவும் சரிதான்.

கையில கொடுத்தா கடிக்கிறான், கிழிக்கிறான். கொஞ்சம் பெரியவனானதும் கொடுக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். அந்த வயதில் கடித்துப் பார்ப்பதும் இழுத்துப் பார்ப்பதும்தான் ஒரு பொருளை அறியும் வழி. ஜூடி டிலோச் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் புத்தகத்தில் இருந்த பொருளின் படத்தைக் கையால் பற்றி எடுக்க முயன்றார்கள். பத்தொன்பது மாதக் குழந்தைகள் அப்படிச் செய்யாமல் அதை விரலால் சுட்டிக் காட்டினார்கள். இது பொருள் இல்லை, பொருளின் படம் என்பது நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. குழந்தை அதை மாதக்கணக்கில் பழகித்தான் தெரிந்துகொள்கிறது.

கெட்டி அட்டைப் புத்தகங்களை, அதாவது போர்டு புக்குகளை, அவன் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். கடிக்கட்டும். தாள் புத்தகங்களை உங்கள் மடியில் வைத்து வாசியுங்கள். கிழிந்தால் திட்டாமல், அவன் பார்க்க டேப் போட்டு ஒட்டுங்கள்.

படம் போட்ட எல்லாப் புத்தகமும் படப் புத்தகம்தானே?

கடையில் எல்லாம் ஒரே அலமாரியில்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேலை செய்கிறது. ஒரு வகை, பொருளின் படத்தைப் போட்டு அதன் பெயரை எழுதுவது. மொராவியாவில் பிறந்த கொமேனியஸ் என்ற கல்வியாளர் 1658இல் நியூரம்பெர்க் நகரில் வெளியிட்ட ‘ஓர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்’ அந்த வகைக்கு மூத்தது. படத்தில் எண் போட்டு, அதே எண்ணை எதிரே உள்ள சொல்லுக்கும் போட்டிருப்பார். இன்னொரு வகை, கதை முழுவதும் எழுத்தில் இருக்க, நடுநடுவே அழகுக்காகப் படம் வருவது. படத்தை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும்.

நான் படப் புத்தகம் என்று சொல்வது மூன்றாவது வகையை. பாட் ஹட்சின்ஸ் 1968இல் எழுதி வரைந்த ‘ரோஸிஸ் வாக்’ இதற்கு நல்ல உதாரணம். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி உலாவிவிட்டு வீடு திரும்புகிறது. புத்தகம் முழுவதற்கும் ஒரே ஒரு வாக்கியம். ஆனால் படத்தில் ஒரு நரி கோழிக்குப் பின்னாலேயே வருகிறது, பாயப் பார்க்கிறது, ஒவ்வொரு முறையும் எதிலாவது மாட்டிக்கொள்கிறது. எழுத்தில் நரி என்ற சொல்லே கிடையாது. வாசிக்கிற பெரியவர் நரியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, எழுத்து தெரியாத குழந்தைக்கு நரி தெரிகிறது. “பின்னாடி பாரு!” என்று அது கத்தும். எழுத்தும் படமும் ஆளுக்குப் பாதி சொல்லி, சேர்த்துப் பார்க்கும் வேலையைக் குழந்தையிடம் விடுவதுதான் படப் புத்தகம். இனி வரும் பதில்கள் பலவும் இதிலிருந்துதான் வருகின்றன.

பக்கத்துக்கு ஒரு வரிதான். ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுது. இதுக்கா இவ்வளவு காசு?

இரண்டு நிமிடம் என்பது எழுத்தை வாசிக்க ஆகும் நேரம். படத்தை யார் வாசிப்பது? பெரியவர்களாகிய நமக்குக் கண் நேராக எழுத்துக்குப் போகிறது. வரி முடிந்ததும் கை தானாகப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறது. குழந்தை அப்போதுதான் படத்தின் ஒரு மூலையில் இருந்து அடுத்த மூலைக்கு வந்திருக்கும். அதனால் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது, பக்கம் திருப்பும் வேலையைக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள் என்பதுதான். வேகம் தானாகக் குறைந்துவிடும்.

அட்டையிலிருந்தே ஆரம்பியுங்கள். அட்டையைத் திறந்ததும் ஒட்டியிருக்கும் முதல் தாளையும், கடைசித் தாளையும் பாருங்கள். பல ஓவியர்கள் கதையின் தொடக்கத்தை முன்தாளிலும், கதைக்குப் பிறகு நடந்ததைப் பின்தாளிலும் ஒளித்து வைத்திருப்பார்கள். புது விரிப்பை, அதாவது எதிரெதிரே இருக்கும் இரண்டு பக்கங்களை, திறந்ததும் உடனே வாசிக்காமல் கொஞ்சம் பொறுங்கள். குழந்தை முதலில் பார்க்கட்டும், எழுத்து பிறகு வரட்டும்.

படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் அச்சடித்து மடிக்கும்போது 8 பக்கம், 16 பக்கம் என்று கட்டுகள் வரும், அதன் மடங்குதான் 32. தலைப்பு, பதிப்பு விவரம் போனால் கதைக்கு மிஞ்சுவது பன்னிரண்டிலிருந்து பதினைந்து விரிப்புகள். அதற்குள் எதை எப்போது காட்டுவது, எதைப் பக்கம் திருப்பும்வரை மறைப்பது என்பதெல்லாம் திட்டமிட்டுச் செய்வது. மாரிஸ் சென்டாக் 1963இல் வெளியிட்ட ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ புத்தகத்தில், சிறுவனின் கற்பனை வளர வளரப் படமும் பக்கத்தில் பெரிதாகிக்கொண்டே போகிறது. உச்சத்தில் மூன்று விரிப்புகள் முழுக்கப் படம், ஒரு எழுத்தும் இல்லை. அவன் வீடு திரும்பியபின் கடைசிப் பக்கத்தில் படமே இல்லை, சில சொற்கள் மட்டும். இதையெல்லாம் குழந்தைக்கு விளக்கத் தேவையில்லை. நீங்கள் அவசரப்படாமல் இருந்தால் அது தானே உணரும்.

ஒரே புத்தகத்தையே தினமும் கேக்கறா. எனக்கு அலுத்துப்போச்சு. மாத்திப் பார்க்கலாமா?

மாற்ற வேண்டாம். ஜெசிகா ஹோர்ஸ்டும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். சிலருக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்களுக்கு வெவ்வேறு கதைகள். இரு பக்கமும் புதுச் சொற்கள் ஒரே அளவில்தான் வந்தன. ஒரே கதையைக் கேட்டவர்களே அந்தச் சொற்களை நன்றாகக் கற்று நினைவிலும் வைத்திருந்தார்கள்.

என் அனுபவத்தில் சொற்களைத் தாண்டியும் ஒன்று நடக்கிறது. முதல் முறை குழந்தை கதையைத் துரத்துகிறது. என்ன ஆகுமென்று தெரிந்த பிறகுதான் அதன் கண் ஓரங்களுக்குப் போகிறது. கூரைமேல் உட்கார்ந்திருக்கும் பூனை, பின்னால் நிற்பவரின் ஒற்றைச் செருப்பு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். உங்களுக்கு அலுப்பாக இருந்தால் “இன்னிக்கு நீ எனக்கு வாசிச்சுக் காட்டு” என்று சொல்லிப் பாருங்கள். மனப்பாடமாகச் சொல்வாள், அல்லது தன் கதையைச் சொல்வாள். எதுவானாலும் கேளுங்கள். புத்தகத்தை ஒளித்து மட்டும் வைக்காதீர்கள்.

ரெண்டு பக்கம் முடியறதுக்குள்ள எழுந்து ஓடிடறான்.

ஓடட்டும். சில பிள்ளைகள் விளையாடிக்கொண்டே காதைக் கொடுத்திருப்பார்கள். ஒரு வரியை விட்டு வாசித்துப் பாருங்கள், அறையின் மறுமூலையிலிருந்து திருத்தம் வரும். உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு வாசிப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

நடுவுல கேள்வி கேட்டுக்கிட்டே வாசிச்சா நல்லதாமே?

நல்லதுதான். குரோவர் வைட்ஹர்ஸ்டும் குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு உரையாடிக்கொண்டே வாசிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆமாம், இல்லை என்று முடியாத கேள்விகளைக் கேட்பது, குழந்தை சொன்னதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்வது, அது சொன்னதைப் பாராட்டுவது. ஒரு மாதம் அப்படிக் கேட்ட பிள்ளைகள் பேச்சில் மற்றவர்களைவிட முன்னே இருந்தார்கள்.

ஆனால் இதைக் கேள்விப்பட்ட பெற்றோர் பலர் வாசிப்பைத் தேர்வாக்கிவிடுகிறார்கள். “இது என்ன கலர்? எத்தனை பறவை?” என்று விடை தெரிந்த கேள்வியாகவே கேட்டால் குழந்தை முகம் சுருங்குவது தெரியும். எனக்குப் பிடித்த முறை, புதுப் புத்தகத்தை முதல் தடவை நிறுத்தாமல் வாசித்துவிடுவது. உரையாடல் எல்லாம் மறுவாசிப்பில். அப்போதும் நமக்கே விடை தெரியாததைக் கேட்பது நல்லது: “இவன் ஏன் திரும்பிப் பார்க்கிறான்?” சில நேரம் கேள்வியே வேண்டாம். “அட, இங்க பாரேன்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் போதும்.

எழுத்துத் தமிழ்ல இருக்கு. அப்படியே வாசிக்கணுமா, நாம பேசற மாதிரி மாத்திச் சொல்லலாமா?

ஒன்றரை, இரண்டு வயது வரை உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள். அதன் பிறகு இருப்பதை இருக்கிறபடியே வாசித்து, தேவையான இடத்தில் பேச்சு வழக்கில் ஒரு வரி சேர்ப்பதுதான் என் வழக்கம். “யானை மெல்ல நடந்து சென்றது” என்று வாசித்துவிட்டு, “மெதுவா போகுது பாரு” என்று சொன்னால் போதும். நாலைந்து வாசிப்பில் குழந்தைக்கு இரண்டும் புரிந்துவிடும். திரும்பக் கேட்பதன் பலன் இங்கேயும் உண்டு. பள்ளியில் திடீரென்று எழுத்துத் தமிழைச் சந்திப்பதைவிட, மடியில் உட்கார்ந்து அதைப் பழகுவது எவ்வளவோ மேல்.

எழுத்தே செயற்கையாக, வாயில் நுழையாமல் இருந்தால் தயங்காமல் மாற்றிச் சொல்லுங்கள். ஓசை பார்த்து எழுதிய வரிகளை மட்டும் தொடாதீர்கள். குழந்தை மனப்பாடம் செய்வது அந்த ஓசையைத்தான்.

கடைசியில நீதியே இல்லையே! இந்தக் கதையில இருந்து பிள்ளை என்ன கத்துக்கும்?

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். நாம் கதை படிக்கும்போது ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் ஒருவர் வந்து “இதனால் தெரிவது என்னவென்றால்” என்று சொன்னால் பொறுப்போமா? குழந்தைக்கு மட்டும் ஏன் அந்தத் தண்டனை?

நரியும் கோழியும் வரும் அந்தப் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீதி எதுவும் இல்லை. ஆனால் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதைக் குழந்தை அதில் தானாகவே கண்டுபிடிக்கிறது. அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கத் தெரிவது சின்ன விஷயமா? பொய் சொல்லாதே, பகிர்ந்து சாப்பிடு என்பதை நாம் நேராகவே சொல்லிவிடலாம், அதற்குக் கதை வேண்டாம். கதையில் ஒருவன் பொம்மையைத் தர மறுக்கிறான் என்றால், அவன் முகம் வரையப்பட்டிருக்கும் விதத்தைக் குழந்தை பார்க்கட்டும். வாசித்து முடித்ததும் “அதனால நீயும்...” என்று ஆரம்பிக்காமல் இருப்பது கஷ்டம்தான். இருந்தாலும் இருந்து பாருங்கள்.

ஒரு பக்கத்தைப் பார்த்துப் பயப்படறா. சாவு, இருட்டு, பேய் வர்ற புத்தகத்தை எல்லாம் ஒதுக்கிடலாமா?

பயம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, “இன்னொரு வாட்டி” என்று கேட்டால் அவள் பயத்தோடு விளையாடுகிறாள். விடுங்கள். புத்தகத்தில் உள்ள பயத்துக்கு ஒரு நல்ல குணம், அதை மூடிவிட முடியும். மூடும் உரிமை அவளிடம் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைத் தாண்டச் சொன்னால் தாண்டுங்கள். இரண்டு பக்கங்களையும் கிளிப் போட்டு இணைத்துவிட்டு, அவளாகத் திறக்கும்வரை காத்திருக்கலாம். அழுதாலோ, தூக்கத்தில் அலறினாலோ, அந்தப் புத்தகம் சில மாதம் பரண்மேல் இருக்கட்டும்.

சாவு வரும் புத்தகங்களை வீட்டில் ஒரு இழப்பு நடந்தபிறகு தேடி வாங்குகிறார்கள். அதற்கு முன்பே, வேறு எத்தனையோ புத்தகங்களுக்கு நடுவே அதுவும் ஒன்றாக வாசிக்கப்பட்டிருந்தால் நல்லது என்பேன். அப்போது பேசுவதற்கான சொற்கள் குழந்தையிடம் ஏற்கனவே இருக்கும். தூங்கப்போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

எழுத்தே இல்லாத புத்தகம் பரிசா வந்திருக்கு. இதை எப்படி வாசிக்கிறது?

இதில் குழந்தை உங்களுக்கு ஒரு படி மேலே. படத்தை வாசிப்பதில் அதற்குப் பழக்கம் அதிகம். முதலில் இருவரும் பேசாமல் கடைசிவரை புரட்டுங்கள். இரண்டாவது முறை பார்ப்பதைச் சொல்லுங்கள்: “மழை வர்ற மாதிரி இருக்கு. குடையை மறந்துட்டா போல.” பிறகு குழந்தை எடுத்துக்கொள்ளும். நேற்றுச் சொன்ன கதை இன்று மாறினால் திருத்த வேண்டாம். நீங்கள் சொல்வது ஒரு கதை, வீட்டில் இன்னொருவர் சொல்வது வேறொரு கதை என்று இருப்பதும் அழகுதான்.

ஃபோன்லயே இவ்வளவு கதை இருக்கே, அது போதாதா?

படத்தைத் தொட்டால் சத்தம் வரும், ஆடும் என்றிருக்கும் கதைகளில் குழந்தையின் கவனம் தொடுவதற்குப் போய்விடுகிறது. நமக்கும் கதையைப் பேசுவதற்குப் பதில் “அங்க தொடாதே, இங்க தொடு” என்பதே வேலையாகிவிடும். பக்கம் தானாகத் திரும்பினால், நிதானம் பற்றி மேலே சொன்னதெல்லாம் போய்விட்டது. புத்தகம் கிடைக்காத இடத்தில், அசையாத படங்களோடு உள்ள கதையைத் திரையில் திறந்து, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே வாசித்துக் காட்டினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

படத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா எழுத்து எப்ப கத்துக்கும்?

இந்தக் கவலையில் ஒரு உண்மை இருக்கிறது. 2005இல் மேரி ஆன் எவன்ஸும் ஜான் செயிண்ட் ஓபனும், வாசித்துக் காட்டும்போது பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். கண் ஏறக்குறைய முழு நேரமும் படத்தில்தான் இருந்தது, எழுத்துப் பக்கம் போவது அபூர்வம். ஆகவே மடியில் வாசித்தால் எழுத்து தானாக வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். எழுத்தை வேறொரு வேளையில், வேறு விதமாகச் சொல்லிக் கொடுங்கள். தலைப்பை விரல் வைத்து வாசிப்பது, பெரிதாக எழுதிய ஓசைச் சொல்லை மட்டும் சுட்டுவது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படப் புத்தகம் தருவது சொல்வளம், கதை எப்படிப் போகும் என்ற அறிவு, உற்றுப் பார்க்கும் பழக்கம். எழுத்துக் கூட்டத் தெரிந்தபின் வாசிப்பதைப் புரிந்துகொள்ள இவைதான் வேண்டும்.

கடையில நிறைய இருக்கு. நல்லதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அட்டையை நம்பாதீர்கள். நின்றபடியே முழுவதையும் வாசித்துவிடலாம், அதுதான் இந்தப் புத்தகங்களின் வசதி. முதலில் எழுத்தை மூடிக்கொண்டு படங்களை மட்டும் புரட்டுங்கள். யாருக்கு என்ன ஆகிறது, அவர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்பது தெரிகிறதா? பிறகு எழுத்தை வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு இடறினால், எதுகைக்காக வலிந்து சொருகிய சொல் உறுத்தினால், தினமும் அதை வாசிக்கப்போவது நீங்கள்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, எழுத்து சொல்வதையே படமும் காட்டி நிற்கிறதா, மேலே ஏதாவது சொல்கிறதா என்று பாருங்கள். “சிவப்புப் பந்து உருண்டது” என்ற வரிக்குச் சிவப்புப் பந்து மட்டுமே வரைந்திருந்தால் குழந்தைக்குச் செய்ய வேலையில்லை.

எல்லா முகங்களும் ஒரே சிரிப்போடு, எல்லாப் பக்கமும் ஒரே பளபளப்போடு இருக்கும் புத்தகங்களை நான் வாங்குவதில்லை. பக்கத்துக்குப் பக்கம் பாத்திரத்தின் முகமோ உடையோ காரணமில்லாமல் மாறும் புத்தகங்களையும்தான். குழந்தை அதை உடனே கண்டுபிடித்துவிடும். மங்கலான நிறங்கள், கோணல் கோடுகள் குழந்தைக்குப் பிடிக்காது என்பது நம் கற்பனை. ஓவியர் தன் கையால், தனக்கென்று ஒரு பார்வையோடு வரைந்திருக்கிறாரா என்பதுதான் முக்கியம். அட்டையில் வரைந்தவர் பெயரே இல்லாத புத்தகத்தை எடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

எல்லாக் கதையிலயும் பையன்தான் சாகசம் பண்றான். இதெல்லாம் பெரிசா எடுத்துக்கணுமா?

எடுத்துக்கொள்ள வேண்டும். ருடின் சிம்ஸ் பிஷப் என்ற அறிஞர் 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில், புத்தகங்கள் குழந்தைக்குக் கண்ணாடியாகவும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்றார். தன்னைப் போன்றவரையும் பார்க்க வேண்டும், தன்னைப் போல் இல்லாதவரையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு புத்தகமும் இரண்டையும் செய்யாது, உங்கள் அலமாரி மொத்தமாகச் செய்தால் போதும். எப்போதாவது எல்லாவற்றையும் தரையில் பரப்பி, யார் ஓடுகிறார்கள், யார் சமையலறையிலேயே நிற்கிறார்கள், எந்த நிறத்தோல் கெட்டவருக்கே வருகிறது என்று பாருங்கள். ஆண் பிள்ளைக்கும் பெண் நாயகி வரும் புத்தகத்தை வாசியுங்கள்.

ஏழு வயசு. தானே வாசிக்கறா. இன்னும் படப் புத்தகத்தையே எடுக்கறா, பின்தங்கிடுவாளோ?

மாட்டாள். புதிதாக வாசிக்கக் கற்பவர்களுக்கான எழுத்துப் புத்தகங்கள் எளிய சொற்களில், சின்ன வாக்கியங்களில் எழுதப்பட்டிருக்கும். படப் புத்தகத்தின் எழுத்து ஒரு பெரியவர் வாசித்துக் காட்டுவதற்காக எழுதப்பட்டது. அதில் வரும் சொல்லும் வாக்கியமும் பல நேரங்களில் கடினமானவை. படமும் எழுத்தும் முரண்படும் இடங்கள், ஓவியர் ஒளித்து வைத்த சின்னக் கதைகள் எல்லாம் ஏழு வயதில்தான் முழுதாகப் பிடிபடும். ஐந்து வயதில் நரியைப் பார்த்துக் கத்தியவள், இப்போது “அந்தக் கோழிக்கு உண்மையிலேயே தெரியாதா, தெரியாத மாதிரி நடிக்குதா?” என்று கேட்பாள்.

தானே வாசிக்கிறாள் என்பதற்காக நீங்கள் வாசித்துக் காட்டுவதையும் நிறுத்தாதீர்கள். எழுத்துப் புத்தகமும் எடுக்கட்டும், படப் புத்தகமும் எடுக்கட்டும். இடம் போதவில்லை என்று பழையவற்றை யாருக்காவது கொடுப்பதானால், எதைக் கொடுக்கலாம், எது இருக்க வேண்டும் என்று அவளையே கேட்டுவிட்டுக் கொடுங்கள்.